கரிசல் ரோட்டில் நாலு சாக்கப்சர்

கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் பட்டால் பொங்கும். வெயில் பட்டால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் தன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்வதால் வரும் வினை இது என்பார்கள் மண்ணியல்காரர்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி, பரளச்சி என்று பிரியும் சாலைகள் பலவற்றுக்கும் அடியில் படுத்திருப்பது இந்த மண்தான். ஐப்பசி மழையில் ஒருபக்கம் புரளும், சித்திரை வெயிலில் மறுபக்கம் புரளும். மேலே போர்த்திய தாரும் அதன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கிக் கிடக்கும். நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் வைத்தியம் தெரியாதவர்கள் அல்ல. கரிசலை வெட்டி எடுத்துவிட்டுக் கிராவல் கொட்டலாம். சுண்ணாம்பு கலந்து மண்ணின் பொங்கலை அடக்கவும் செய்யலாம். சுண்ணாம்புக்கல்லைப் பந்தல்குடிப் பக்கமே வெட்டுகிறார்கள். அது லாரி ஏறி சிமெண்ட் ஆலைக்குப் போகிறது, போகிற போக்கில் ரோட்டை இன்னும் ஓர் அழுத்து அழுத்திவிட்டு.

இந்த ரோட்டில் தினமும் போய்வருகிற ஓர் இயற்பியல் ஆசிரியரின் கதை இது. வீடு அருப்புக்கோட்டை, பள்ளிக்கூடம் திருச்சுழி தாண்டி. பெயர் வேண்டாம், பிளஸ் ஒன் பிள்ளைகள் கையில் இந்தப் பத்திரிகை கிடைக்கக்கூடும். கார் பழைய சின்னக் கார். ஒருகாலத்தில் பள்ளத்தில் இறங்கினால் ‘தொப்’ என்ற ஒரே சத்தத்தோடு விஷயத்தை முடித்துக்கொண்ட கார், இப்போது ஒரு பள்ளத்துக்கு நாலு ஆட்டம் ஆடுகிறது. போதாததற்கு இடது முன்சக்கரத்துக்குள்ளிருந்து யாரோ ‘டொக், டொக்’ என்று தட்டுகிறார்கள். திருச்சுழி, ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர். ‘நான் யார்’ என்று விசாரிக்கச் சொன்னவரின் ஊருக்குள் ‘இந்தச் சத்தம் யார்’ என்ற விசாரத்தோடுதான் வாத்தியார் தினமும் நுழைந்தார். விசாரம் முற்றி, சாக்கப்சரைத் தன் கையாலேயே மாற்றுவது என்ற முடிவில் வந்து நின்றது.

அதற்கான தகுதி தனக்கு இருப்பதாக அவர் நினைத்ததில் தப்பில்லை. பதினோராம் வகுப்பு இயற்பியலில் ‘அலைவுகள்’ என்று ஒரு அலகு உண்டு. தனிச்சீரிசை இயக்கம், தடையுறு அலைவு எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு இழுத்தால் அது இரண்டு மடங்கு விசையோடு திரும்ப இழுக்கும் என்று கண்டுபிடித்த ராபர்ட் ஹூக், 1676-இல் அதை நேராகச் சொல்லாமல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக அச்சிட்டார். இரண்டு வருஷம் கழித்து 1678-இல்தான் விடையை வெளியிட்டார். தொழில் ரகசியத்தை இப்படிப் பொத்திப் பொத்தி வைத்த மனிதர், அருப்புக்கோட்டையில் பிறந்திருந்தால் பெரிய மெக்கானிக் ஆகியிருப்பார்.

பலருக்கும் குழப்பமாக இருக்கும் சங்கதியும் வாத்தியாருக்குத் தெளிவு. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங், சாக்கப்சர் அல்ல. ஸ்பிரிங்கை மட்டும் விட்டால் அது வாங்கிய அடியை வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் சாக்கப்சரின் உத்தியோகம். உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சின்னச் சின்னத் துளைகள் வழியாகத் தள்ளும். ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறித் தொலையும். ஆட்டமே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்படி இறுக்கினால் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் இடுப்பெலும்புக்குத் தனித்தனியாகத் தகவல் சொல்லும். அதனால் ஆட்டத்தை முழுக்க அடக்கத் தேவையான தடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோடு கார் செய்கிறவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். இதை அவர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கும்போது வகுப்பே அசையாது. ஆனால் மேசைமேல் இரண்டு ஸ்பேனரை வைத்து இதில் பதினேழாம் நம்பர் எது, பத்தொன்பது எது என்று கேட்டால், வாத்தியாரும் அசையமாட்டார்.

ராத்திரிகளில் வீடியோ பார்த்தார். வீடியோக்களில் இந்த வேலை நடப்பது வேறொரு லோகம். கண்ணாடிபோல் சிமெண்ட் தரை, சுவர் நிறைய வரிசையாக ஸ்பேனர், கையுறை போட்ட ஒருவர், வெளியே பனி. முக்கியமாக, அவரைச் சுற்றி வேறு ஆளே கிடையாது. அருப்புக்கோட்டைத் தெருவில் பானெட்டைத் திறந்தவன் தனியாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

சாமான் வாங்கும் கட்டமே ஒரு பஞ்சாயத்தானது. கார் கம்பெனி தன் பெயர் அச்சடித்த பெட்டியில் விற்பது ஒரு வகை. சாக்கப்சர் கம்பெனிகள் தங்கள் பெயரிலேயே கடைகளுக்கு அனுப்புவது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் ஆஃப்டர் மார்க்கெட் என்கிறார்கள். இந்தியாவில் 1961-இல் தொடங்கிய கேப்ரியல் இந்த வரிசையில் மூத்த பெயர்களில் ஒன்று. அதன் அமெரிக்கப் பூர்வீகத்தைத் தோண்டினால் வேடிக்கை. கிளீவ்லாந்தில் கிளாட் ஃபாஸ்டர் என்பவர் முதலில் செய்து விற்றது கார் ஹாரன். எக்காளம் ஊதும் தேவதூதர் கேப்ரியலின் பெயர் அதற்கு. பிறகுதான் ஒரு டப்பாவுக்குள் பட்டையைச் சுருட்டி வைத்து, சக்கரம் எகிறும்போது இழுத்துப் பிடிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஹாரனில் தொடங்கிச் சாக்கப்சரில் முடிந்த அந்தத் தொழில்வழி நம் ஊர் பஸ்களுக்கும் பொருந்தும். என்ன, இங்கே பலர் ஹாரனோடு நின்றுவிடுகிறார்கள்.

அக்கா மகன் மதுரையில் கல்லூரிப் படிப்பு. அவனுக்குச் சாக்கப்சர் மாற்றுவதெல்லாம் கிழவர்கள் வேலை.

“மாமா, ஸ்பிரிங்குக்கு மேல ஸ்பேசர் வச்சு ரெண்டு இஞ்ச் தூக்கிருவோம். அப்புறம் எந்தப் பள்ளமும் நம்மள ஒண்ணும் பண்ணாது.”

வாத்தியாருக்குச் சபலம் தட்டியது உண்மை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாகவே சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில், இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று எழுதி வைத்தார்கள். மருமகன் ஐயாயிரத்தை நாலு சக்கரத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு மௌனமானான். சட்டத்தை விடுங்கள். உயர்த்தினால் வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே போகும், டிரைவ் ஷாஃப்ட் கோணம் மாறும், வளைவில் சாயும். தேய்ந்த சாக்கப்சரோடு காரைத் தூக்கி நிறுத்துவது, முட்டிவலிக்காரருக்கு ஹைஹீல்ஸ் மாட்டிவிடுகிற காரியம். அதே அளவில், அதே நீளத்தில் மாற்றுச் சாமான் போடுவதில் இந்த வம்பு எதுவும் இல்லை. அதையே வாங்கினார்கள்: முன்னுக்கு, ஸ்பிரிங்கோடு சேர்ந்து நிற்கும் சாக்கப்சரான ஸ்ட்ரட் இரண்டு, பின்னுக்குச் சாதாரணச் சாக்கப்சர் இரண்டு. இடது, வலது என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். அதையும் வாசிக்காமல் மாட்டுகிற உத்தமர்கள் உண்டாம்.

கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டதற்குப் பட்டறை மெக்கானிக் ஒரே நிபந்தனை போட்டார். “ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு வந்துருங்க சார். வெயில் ஏறிருச்சுன்னா ஸ்பேனரத் தொட முடியாது. நான் கை வைக்கமாட்டேன், சொல்லுவேன், நீங்க செய்யணும். சரியா?”

சரி என்றார் வாத்தியார். பிளஸ் ஒன் செய்முறைத் தேர்வுக்கு வருகிற மாணவனின் முகம் அவருக்கு.

முதல் பாடம் ஜாக்கி. பட்டறையில் பாதி சிமெண்ட் தரை, மீதி கரிசல். சிமெண்டில் ஏற்கெனவே ஒரு லோடு ஆட்டோ குடலைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றது. வாத்தியார் கரிசல்மேல் ஜாக்கியை வைத்துச் சுற்ற, மெக்கானிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “கரிசல் மேல ஜாக்கி வச்சா வண்டி மேல போகாது சார், ஜாக்கிதான் கீழ போகும்.” அடியில் கனத்த பலகை வந்தது. பிறகு லோடு ஆட்டோவையே தள்ளிவிட்டுக் காரைச் சிமெண்டுக்கு ஏற்றினார்கள். வாத்தியார் மறுபடி ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு நட்டைத் திருக, நட்டோடு சக்கரமும் சேர்ந்து சுற்றியது. சக்கரம் தரையில் அழுந்தி நிற்கும்போதே நட்டை இளக்கிவிட வேண்டும், அப்புறம்தான் தூக்க வேண்டும். உராய்வு விசை பற்றி வருஷாவருஷம் நாலு மதிப்பெண் கேள்வி தயாரிப்பவருக்கு, அது எதிரே வந்து நின்றபோது ஆள் அடையாளம் தெரியவில்லை.

“ஜாக்கி தூக்குறதுக்கு சார், தாங்குறதுக்கு இல்ல” என்று சொல்லி மெக்கானிக் ஸ்டாண்டை நகர்த்தி வைத்தார். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டார். ஸ்டாண்ட் சரிந்தாலும் வண்டி ஆள்மேல் விழாமல் டயர்மேல் விழும். இந்தத் தொழிலில் இதைவிட மலிவான இன்சூரன்ஸ் கிடையாது.

இதற்குள் உதவி வந்து சேர்ந்திருந்தது. முதலில் அரசுப் பேருந்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி, கையில் டீ கிளாஸோடு. அவருக்குப் பின்னால் ஒரு டிராக்டர் மெக்கானிக். எதிர்க்கடைப் பஞ்சர் தம்பி. யாரென்றே தெரியாத, கடைசிவரை தெரியாமலே இருந்த, ஒரு வெள்ளை வேட்டிக்காரர்.

அண்ணாச்சி நேராகப் போய் இன்னும் கழற்றாத வலதுபக்க மட்கார்டை இரண்டு கையாலும் அமுக்கி விட்டார். கார் ஏறியது, இறங்கியது, ஏறியது, கொஞ்சம் யோசித்து மறுபடி இறங்கியது. “ஒரு தடவ ஏறி வந்து நிக்கணும் தம்பி. இது தாலாட்டுல்ல பாடுது. போச்சு.” வாத்தியார் மனத்துக்குள் தடையுறு அலைவின் வரைபடத்தைப் போட்டுப் பார்த்தார். சமன்பாடு சொன்னதையேதான் அண்ணாச்சியின் உள்ளங்கையும் சொல்லியிருந்தது, தசமப் புள்ளி இல்லாமல்.

ஸ்ட்ரட்டைச் சக்கரத்தோடு பிணைக்கும் இரண்டு பெரிய போல்டில் ஒன்று அசைய மறுத்தது. வருஷக்கணக்கில் சேறும் புழுதியும் போய் உட்கார்ந்து இறுகியிருந்தது. உதவி அதன் உச்சத்தைத் தொட்டது இங்கேதான். மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார் அண்ணாச்சி. டீசல் என்றார் டிராக்டர்காரர். பஞ்சர் தம்பி டபிள்யூடி-40 டப்பாவைக் கொண்டுவந்தான். அமெரிக்காவின் சான்டியாகோவில் 1953-இல், ராக்கெட் சாமான் துருப்பிடிக்காமல் இருக்க ஈரத்தை விரட்டும் திரவம் தேடியவர்களுக்கு நாற்பதாவது கலவையில்தான் கைகூடியது. அந்த நாற்பதுதான் டப்பாவின் பெயரில் நிற்கிறது. வெள்ளை வேட்டிக்காரர் வேப்பெண்ணெய் என்றார். ஏன் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

எல்லாம் ஊற்றிய பிறகு மெக்கானிக் வாயைத் திறந்தார். “கழட்டாதீங்க சார். முதல்ல இறுக்குங்க.” வாத்தியார் விழித்தார். “இறுக்குற பக்கம் ஒரு நூல் அசஞ்சா, கழட்டுற பக்கம் தானா வரும்.” ஸ்பேனரின் வாலில் ஒரு பைப்பை மாட்டி நீளத்தைக் கூட்டினார்கள். திருப்புவிசை பற்றி நாற்பது நிமிஷம் பாடம் நடத்தக்கூடியவர், பைப்பின் நுனியில் தொங்கியபடி அதை அரை நிமிஷத்தில் நிரூபித்தார். போல்டு ‘கிறீச்’ என்று அழுதுகொண்டே வந்தது. கூட்டத்தில் கைதட்டல். வந்த நட்டு மட்டும் உருண்டு சிமெண்ட் விளிம்பைத் தாண்டி, கரிசல் வெடிப்புக்குள் இறங்கிவிட்டது. எட்டிப் பார்த்தார் அண்ணாச்சி. “இனி ஐப்பசி மழைக்கு மண்ணு பொங்கினாத்தான் மேல வரும்.” நல்லவேளை, மெக்கானிக் டப்பாவில் அதே அளவில் வேறு நட்டு இருந்தது.

பிரேக் காலிப்பரை அதன் ரப்பர் ஹோஸில் தொங்கவிடக்கூடாது, கட்டுக்கம்பி போட்டு மேலே கட்டிவைக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். ஜம்பிங் ராடு இணைப்பைக் கழற்றி, பானெட்டுக்குள் மேலே இருக்கும் நட்டுகளையும் எடுத்ததும் ஸ்ட்ரட் முழுசாகக் கையோடு வந்தது. கைக்குழந்தை கனம் என்று நினைத்துத் தூக்கியவருக்கு அது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கனத்தைக் காட்டியது.

அடுத்து ஸ்பிரிங் கம்பிரஸர். மெக்கானிக்கின் குரல் முதல் தடவையாக மாறியது. “எல்லாரும் அந்தப் பக்கம் போங்க. இதுக்கு மட்டும் வேடிக்கை கிடையாது.” ஸ்ட்ரட்டின் உச்சியில் ஒரு நட்டு இருக்கிறது. பார்க்க அப்பாவி. ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் கொக்கி போட்டு ஒடுக்கிக் கட்டாமல் அதைக் கழற்றினால், ஸ்பிரிங் தன் மொத்தக் கோபத்தையும் கழற்றியவன்மேல் தீர்க்கும். வாத்தியார் சும்மா இருக்கமாட்டாமல் கணக்குப் போட்டார்: ஒரு சென்டிமீட்டர் ஒடுக்க இருபது கிலோ என்று வைத்துக்கொண்டால், பதினைந்து சென்டிமீட்டருக்கு முந்நூறு கிலோ. ஆறு மூட்டை சிமெண்ட். விடை வந்ததும் சத்தமில்லாமல் அவரும் மற்றவர்கள் பக்கம் நகர்ந்துகொண்டார். அந்த நட்டை மட்டும் மெக்கானிக் தானே கழற்றினார். கற்றுக்கொள்வதற்கும் ஓர் எல்லை இருப்பது நல்லது.

ஒதுங்கி நின்ற இடத்தில் அண்ணாச்சியின் சரித்திர வகுப்பு தொடங்கியது. அந்தக் காலத்தில் சாதாரண மாட்டுவண்டிக்கு ஸ்பிரிங் ஏது? அச்சு அடித்தால் நேராக ஆளுக்குத்தான் அடி. வசதியானவர்கள் வீட்டில் வில்வண்டி. அந்த ‘வில்’ என்பது அடியில் வளைந்து நிற்கும் இரும்புப் பட்டைகள். லண்டனில் ஒபதயா எலியட் என்கிற வண்டி செய்பவர் 1804-இல் காப்புரிமை வாங்கிய நீள்வட்ட ஸ்பிரிங்கின் வகையறா அது. அப்புறம் அம்பாசடர். முன்னால் முறுக்குக் கம்பி, பின்னால் பட்டை. “பத்துப் பேர ஏத்தினாலும் அலுங்காது” என்றார் அண்ணாச்சி. பத்துப் பேரை ஏற்றியது யார் என்று விசாரிக்கவில்லை. 2014-இல் அம்பாசடர் தயாரிப்பு நின்றுபோனதில் அவருக்கு இன்னும் வருத்தம்தான்.

இப்போதைய சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இருப்பது வேறு சாதி. ஸ்பிரிங்கையும் சாக்கப்சரையும் ஒரே தூணாகச் சேர்த்து, அந்தத் தூணையே சக்கரம் திரும்பும் அச்சாகவும் ஆக்கிய ஏற்பாடு. ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் மூளை. 1950-இல் பிரிட்டனில் செய்த ஃபோர்டு கான்சல் காரில் அது ரோட்டுக்கு வந்தது. சாமான் குறைவு, இடம் குறைவு, விலை குறைவு. உலகமே வாரிக்கொண்டது. மெக்பெர்சன் 1960-இல் காலமானார். பரளச்சி ரோட்டை அவர் பார்க்க நேரவில்லை.

புது ஸ்ட்ரட்டை நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழுக்க உள்ளே அமுக்கி வெளியே இழுத்து, சிலமுறை பம்ப் அடித்துக் காற்றுக் குமிழை மேலே ஏற்றச் சொன்னார் மெக்கானிக். ஸ்பிரிங்கின் வால்நுனி அதற்கென்று உள்ள பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். தப்பினால் முதல் வளைவிலேயே சத்தம் போடும். வலதுபக்கத்தை வாத்தியார் ஏறக்குறைய தானே செய்தார். ஏறக்குறைய என்றால், ஒவ்வொரு நட்டுக்கும் மூன்று பேர் “அது இல்ல, அது இல்ல” என்று சொன்னார்கள். பின்பக்கம் சுலபம், சாக்கப்சர் தனியாக நிற்கிற வகை. அச்சுக்கு ஜாக்கி கொடுத்துவிட்டு மேலும் கீழும் கழற்றி மாட்டினால் முடிந்தது. வெள்ளை வேட்டிக்காரர்கூட அதில் குறை சொல்லவில்லை.

எல்லாவற்றையும் இறுக்கி முடித்துவிட்டதாக வாத்தியார் நிமிர்ந்தபோதுதான், வீடியோக்கள் பலவும் போகிற போக்கில் விட்டுவிடும் விஷயத்துக்கு வந்தார் மெக்கானிக். ரப்பர் புஷ் இருக்கும் போல்டுகளை வண்டி தொங்கும்போது முழுசாக இறுக்கக்கூடாது. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டி தரையில் இறங்கி உட்கார்ந்ததும் புஷ் முறுக்கியபடியே ஆயுள் முழுக்க இருக்கும். ஆயுளும் அதிகம் இருக்காது, கிழிந்துவிடும். “வண்டி தன் கால்ல நின்ன பிறகுதான் கடைசி இறுக்கு சார்.” வாத்தியார் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஒரு காகிதம் கேட்டார். எண்ணெய்க் கையோடு அதில் ஒரு வட்டம் வரைந்து, முறுக்குக் கோணம், சமநிலை என்று என்னவோ குறித்தார். “இது ரொம்ப நல்ல கேள்வியா வருமே!” மெக்கானிக்குக் கவலையாகப் போய்விட்டது. வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தது, போல்டு இன்னும் தளர்வாகத்தான் இருந்தது.

ஒருவழியாகக் கடைசி இறுக்கும் முடிந்து, சோதனை ஓட்டத்துக்கு எல்லாரும் காரில் ஏறிக்கொண்டார்கள். பிரெஞ்சு சிட்ரோயன் கம்பெனி 1948-இல் காட்டிய 2சிவி காருக்கு, முட்டைக்கூடையோடு உழுத வயலில் போனாலும் ஒரு முட்டை உடையக்கூடாது என்பது நிபந்தனை என்பார்கள். இங்கே முட்டைக்குப் பதில் அண்ணாச்சி. திருச்சுழி ரோட்டில் பழைய பள்ளம் வந்தது. கார் இறங்கியது, ஏறியது, நின்றது. ‘டொக்’ இல்லை. பின்சீட்டில் மூன்று பேர் ஒரே குரலில் “ம்” என்றார்கள்.

ஆனால் வேகத்தடையிடம் யார் சாக்கப்சரும் செல்லாது. இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். வண்டி மணிக்கு 25 கிலோமீட்டரில் அலுங்காமல் தாண்டலாம். ஊர்க்காரர்கள் தாங்களே போட்டுக்கொள்ளும் தடைக்கு அகலம் ஒரு முழம், உயரம் அவரவர் கோபத்தின் அளவு. அப்படி ஒன்றில் ஏறி இறங்கியபோது அண்ணாச்சியின் தலை கூரையைத் தொட்டது. “சாக்கப்சர்மேல குத்தம் இல்ல” என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் வீல் அலைன்மெண்ட். ஸ்ட்ரட்டில் கை வைத்த பிறகு அதைச் செய்யாமல் விட்டால் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்து, மிச்சம் பிடித்த காசையெல்லாம் சேர்த்துத் தின்றுவிடும்.

பழைய சாமான் பங்கீடுதான் பாக்கி. தெற்குச் சீமையில் லாரிப் பட்டை வீணாவதே இல்லை. கொல்லர் உலைக்குப் போய் அரிவாளாகத் திரும்பி வரும். காருக்குப் பட்டை இல்லையே என்று டிராக்டர்காரருக்கு ஏமாற்றம். பழைய பம்ப் ஸ்டாப் ரப்பரைப் பஞ்சர் தம்பி, எதற்கென்று சொல்லாமல், எடுத்துக்கொண்டான். புதுச் சாமான் வந்த அட்டைப்பெட்டிகள் வெள்ளை வேட்டிக்காரரோடு போயின. ஒரு பழைய பின்பக்கச் சாக்கப்சரை வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். தண்டை அமுக்கினால் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகும். தடை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல செய்முறை விளக்கம் கிடையாது. பிள்ளைகள் ஆளுக்கு ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்கள்.

ஆய்வகப் பதிவேட்டில் அதைச் சேர்க்கச் சொன்னபோதுதான் சிக்கல். ஆய்வக உதவியாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பில் கேட்டார். பழைய சாமானுக்கு ஏது பில் என்றார் வாத்தியார். உதவியாளர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப ஒண்ணு செய்யலாம் சார். இன்னைக்கே வரவு வச்சு, இன்னைக்கே ‘தேய்ந்தது’ன்னு எழுதிக் கழிச்சிரலாம். ஆடிட்டுக்கு ரெண்டும் சரியா இருக்கும்.”